வாயில் வராத பேர்

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" நர்ஸ் மறுபடியும் கேட்டாள்.

அவள் கட்டிலை மறைத்திருந்த திரையையே பார்த்தாள். முந்தானை முழுக்க ரத்தம். ரத்தம் வழிந்த தலையைத் தாங்கிப் பிடித்த கையிலும் அதே ரத்தம்.

"பிழைச்சுடுவாரா சிஸ்டர்?"

"திரைக்குப் பின்னால டாக்டர் பார்த்துட்டுத்தானே இருக்காரு. நீங்க முதல்ல பேரைச் சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள்; வெறும் காற்றுதான் வந்தது. நர்ஸுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"ஓகோ, அந்தக் கேஸா! மயங்கினவரைப் பின்சீட்டுல போட்டு, தனியா காரை ஓட்டிக்கிட்டு வந்து சேர்த்தீங்க. அவ்வளவு தைரியம் இருக்கு, புருஷன் பேரைச் சொல்ல மட்டும் வாய் வரலையா? எங்கம்மாவும் இப்படித்தான். அப்பா பேரைக் கேட்டா நிலாவைக் காட்டுவாங்க. அமாவாசைன்னா எங்கப்பாவுக்குப் பேரே கிடையாது!"

வேறு நேரமாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். இப்போதோ, இவருக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் தன் கதி என்ன, வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் கதி என்ன என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

"சரி, பேரைச் சொல்ல வேணாம். அர்த்தத்தைச் சொல்லுங்க, நான் கண்டுபிடிச்சுடறேன். சூரியனா? மலையா? ஜெயிக்கிறவர்னு வருமா? இல்ல, தாத்தா பேரையே வெச்சுட்டாங்களா?"



நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "முன்னால பிறந்த பிள்ளைங்க தங்காம போய், இதுவாவது நிலைக்கட்டும்னு வேணும்னே குப்பை, கூளம்னு வெச்ச பேரா? அதுல என்னம்மா வெட்கம்? எமனே மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் போகட்டும்னு ஆசையா வெச்ச பேரு அது. இன்னைக்கும் காப்பாத்தும் பாருங்க."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "காப்பாத்தணும் சிஸ்டர். எப்படியாவது காப்பாத்தணும்."

"வயசையாவது சொல்லுங்க."

அவள் திரை இடுக்கு வழியாக அந்த முகத்தை எட்டிப் பார்த்தாள். "நாப்பது... நாப்பத்தஞ்சு இருக்கும்."

"பேருக்கு வெட்கம், வயசுக்குச் சந்தேகம். நல்ல குடும்பம் போங்க! வண்டி இடிச்சுடுச்சுன்னு கத்திக்கிட்டே வந்தீங்களே, எந்தப் படுபாவி இடிச்சானோ, அவன் விளங்குவானா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் வேகமாக வந்தார். "உடனே ஊசி போட்டாகணும்மா. இவருக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா? இந்த மருந்து சிலருக்கு உயிருக்கே உலை வெச்சுடும். உங்களைத் தவிர வேற யாரைக் கேட்கிறது? அப்படி ஒண்ணும் கிடையாதுன்னு நீங்க சொன்னா போட்டுடறேன்."

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றினாள். "வாய் வரலைன்னா தலையையாவது ஆட்டுங்கம்மா, போதும்."

ஆட்டிவிட்டால் அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அவள் தலை அசையத்தான் பார்த்தது. அதற்குள் கை முந்திக்கொண்டு போய் நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தது.

"போடாதீங்க சிஸ்டர்! இவர் யாருன்னே எனக்குத் தெரியாது... இவரை இடிச்சதே நான்தான்!"