போய் வரும் தொட்டில்

“அப்போ ஹட்டன்ல படிச்சதெல்லாம் வீணாப் போகாதுங்களா, டீச்சர்?”

“போகாதுக்கா. அந்த டிப்ளோமாவ வச்சு கொழும்புல நேரா ரெண்டாம் வருஷத்துல சேர்ந்துக்கலாம். பேச்சு வராத புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற படிப்பு. திங்கக்கிழமை போறேன்.”

தவமணி கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவைக்கிறாள். தேயிலை மலையில் தேத்தண்ணி நேரம். தாய்மார் பால் கொடுக்க வர, கொழுந்தெடுப்பவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகின்றன. தவமணியின் மகள் சஞ்சனிக்கு நாலு வயது. பால்குடி மறந்து வெகுநாளாயிற்று, பேச்சுதான் இன்னும் வரவில்லை. அவள் ஒரு வெறுந்தொட்டிலைத் தள்ளுகிறாள். எதிரில் மண்டியிட்டிருக்கும் காம்பரா டீச்சர் பிரேமினி அதைத் திருப்பித் தள்ளுகிறாள். பனி விலகிய ஜன்னல் வெளிச்சம், போய் வரும் சேலையின் நைந்த பூக்களில் பட்டுப் பட்டு மறைகிறது. இந்தப் பிள்ளை மனதுக்குள் என்னதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அறியும் ஆசையில்தான் பிரேமினி அந்தப் படிப்புக்கே எழுதிப்போட்டாள். இப்போது அதே ஆசை அவளை இங்கிருந்து பிரித்துக் கூட்டிப்போகிறது. தொட்டிலைத் தன் பக்கமே பிடித்து நிறுத்திப் பார்க்கிறாள். சஞ்சனி அழவில்லை. இரண்டு கைகளையும் நீட்டியபடி, அது வரும் என்று நிற்கிறாள்.

வெளியே கங்காணி வேலைக்குத் திரும்பச் சொல்லிக் குரல் கொடுக்கிறார். தவமணி கூடையை எடுத்துக்கொள்கிறாள்.

“நீங்க திரும்பி வர்றப்ப இவ என்னையவிட வாய்க்காரியா இருப்பா பாருங்க,” என்று சிரிக்கிறாள். சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. “எங்க போறீங்கன்னு இவகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க, டீச்சர். எனக்குச் சொல்லத் தெரியாது.”