ஒரு விசில், ஒரு தட்டு

“ஆம்பளதான் மிஸ். ஒரே விசில்ல குக்கர அணைச்சாச்சு. பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கா” என்றாள் ரீபா. வகுப்பு சிரித்தது.

பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியின் படைப்பெழுத்து வகுப்பு அது. அன்றாடம் நடக்கிற ஏதாவது ஒரு வேலையைப் பேச்சே இல்லாமல், வெறும் சத்தங்களாகச் செல்போனில் பதிந்து வர வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்டு, அது என்ன வேலை என்று சொல்ல வேண்டும். பேராசிரியை பியூலா கொடுத்திருந்த பயிற்சி.

மாவு ஆட்டுவதும் துணி துவைப்பதும் வந்து போய்விட்டன. இப்போது ஓடியது சித்ரலேகாவின் பதிவு. வருகைப் பதிவின்போது தவிர வகுப்பில் வாய் திறக்காத பெண் அவள்.

பூட்டு திறந்தது. குழாயில் தண்ணீர் விழுந்தது. குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. ஒரு தட்டு வைக்கப்பட்டது, சற்றுப் பொறுத்துக் கழுவப்பட்டது. பிறகு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி நாற்காலி. கடைசியாக ஒரு ஸ்விட்ச்.

சாப்பிட்டு முடித்த ஆள் எதற்கு நாற்காலியை இழுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்று ரீபா கேட்டாள். அதற்குத்தான் யாருக்கும் விடை தெரியவில்லை.

“அது ஜெபம்லா” என்றாள் பின்பெஞ்சிலிருந்து பெர்சிஸ். “நாற்காலிய ஒதுக்கிட்டு முழங்கால்ல நிக்காங்க. எங்க வீட்லயும் தெனமும் இந்தச் சத்தம் உண்டும். ஆனா நாங்க மொதல்ல பாட்டு படிப்போம். இங்க பாட்டு இல்ல.”

“ஏன் இல்லையாம்?” என்றாள் ரீபா.

“ஒத்த ஆளு யாரோட சேந்து படிக்க?”

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. பியூலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய கணவர் வேதநாயகம் இறந்து இரண்டு வருடமாகிறது. அதிலிருந்து அவள் வீட்டு ஜெபத்திலும் பாட்டு இல்லை.

அன்று காலை திசையன்விளையிலிருந்து தம்பி எஸ்றா போன் செய்திருந்தான். மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவன், இன்று குரலை உயர்த்திவிட்டான். “ராத்திரி நெஞ்ச அடைச்சு விழுந்து கெடந்தா யாருக்குக்கா தெரியும்?” என்று கேட்டான். இந்த வகுப்பு முடிந்ததும் முதல்வரைப் பார்த்து, இந்தப் பருவத்தோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வகுப்பும் வேண்டும், சொந்த அடுப்பும் வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளத்தான் செய்தது.

அவள் மாணவிகள் பக்கம் திரும்பினாள். பதிவில் ஒரு குறை இருக்கிறது என்றாள். மற்ற சத்தங்கள் எல்லாம் அமுங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கின்றன. அந்தக் கடைசி ஸ்விட்ச் மட்டும் காதோரத்தில் கேட்கிறது. போனை நடுவில் இடம் மாற்றினாயா என்று சித்ரலேகாவிடம் கேட்டாள்.

“இல்ல மிஸ். வச்ச எடத்துலயேதான் இருந்தது.”

“சரி, இது என்ன வேலை? நீயே சொல்லு.”

“எங்கம்மா தூங்கப் போறது மிஸ்.”

“ஏட்டி, இதுல உங்கம்மா எங்க வந்தாவ?” என்றாள் ரீபா.

“அந்தக் கடைசி ஸ்விட்ச்தான் அம்மா.”

தயங்கித் தயங்கித்தான் சித்ரலேகா விளக்கினாள். அவர்கள் வீட்டு அடுக்களைக்கும் பின்தெரு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டில் ஒற்றை ஆள்தான் குடியிருப்பு. அம்மா பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகும் விளக்கை அணைக்காமல் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது தடவை நாற்காலி இழுபட்ட பிறகே எழுந்து விளக்கை அணைத்துப் படுக்கப் போவாள். அது என்ன சத்தம் என்று அம்மாவுக்குத் தெரியாது. தனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது என்றாள்.

ஒருநாள் அந்தச் சத்தம் வரவே இல்லை. அம்மா அப்பாவை எழுப்பித் தெருவைச் சுற்றிப் போய்ப் பார்த்துவரச் சொன்னாள். வெளியே பூட்டுத் தொங்குகிறது, ஊருக்குப் போயிருக்கும் என்று அவர் வந்து சொன்ன பிறகும் அம்மா புரண்டு புரண்டு படுத்துக்கொண்டிருந்தாள்.

யாரென்றே தெரியாத அந்த மனிதர் மேல் பியூலாவுக்குப் பொறாமையாக இருந்தது. தன் சுவருக்குப் பின்னாலும் இப்படி ஒருத்தி இருந்திருந்தால், மாடி அறை வேண்டாமென்று எஸ்றாவிடம் தைரியமாகச் சொல்லியிருக்கலாம்.

“அந்த ஆளுக்கு இது தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியாது மிஸ். சொல்லக் கூடாதுன்னுட்டாவ அம்மா. வேவு பாக்குதோம்னு நெனச்சிட்டா சங்கடம்லா.”

“அப்படி நெனைக்க மாட்டாரும்மா. அவருக்கு இது கட்டாயம் தெரியணும். இன்னைக்கே சொல்லிரு.”

சித்ரலேகா முதல் முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

“அதான் இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேன்லா, மிஸ்.”