மாமன் நின்ற இடங்கள்

தொண்ணூறு.

இன்னும் ஒன்று இறங்கினால் நிற்க வேண்டும். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் நடந்தார். இரு கைகளிலும் சீர்த்தட்டு. தட்டில் அக்கா மகளுக்கான கல்யாணப் பட்டு. தட்டின் விளிம்புக்குக் கீழே, அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி, ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி இடது கை விரலைக் கவ்விக்கொண்டிருந்தது.

பஞ்சுமில் தின்றது போக மிச்சமிருந்த நுரையீரல்.

"கார்ல வந்துரு தம்பி" என்று அக்கா பேச்சியம்மாள் நேற்றே கெஞ்சினாள்.

காரில் வந்தால் அது பார்சல். சீர் என்றால் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை தாய்மாமன் தன் காலில் கொண்டுபோக வேண்டும். இதற்காகத்தான் மாதக்கணக்கில் மொட்டை மாடியில் நடந்து பழகினார். முடியாமல் போனால் தட்டை வாங்கிக்கொள்ள, பங்காளி ஒருவன் ஒட்டிக்கொண்டே வந்தான்.

எண்பத்தொன்பது.

நின்றார்.

ஊர்வலமே நின்றது. மானம் போனதுபோல் இருந்தது. உதட்டைக் குவித்து, சூடான டீயை ஆற்றுவதுபோல மெல்ல ஊதினார். பங்காளி கையை நீட்டினான்.

முன்னால் போன உறுமிக்காரர் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமன் நின்னுட்டாருப்பா. ஆட்டம் கேக்குறாரு. நல்லா இறக்கி அடிங்க."

அடித்தார்கள். இளவட்டங்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கின. யாரோ ஒருவன் விசிலடித்தான். மாடி ஜன்னல்கள் திறந்தன. ஆடிய கால் சும்மா இருக்குமா, பங்காளியும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு ஆடப் போய்விட்டான்.

அவர் ஊதினார். மூக்கால் இழுத்தார். மறுபடி ஊதினார்.

தொண்ணூற்று மூன்று.

நடந்தார்.

டீக்கடை முன்னால் நின்றார். அங்கேயும் ஆட்டம். ரேஷன் கடை முக்கில் நின்றார். வரிசையில் இருந்த பெண்கள் பையைக் கீழே வைத்துவிட்டுக் குலவை போட்டார்கள். இப்படித் தெருவுக்குத் தெரு நிறுத்தி, கெத்தாகச் சீர் கொண்டுவந்த மாமனைப் பார்த்ததே இல்லை என்று ஊர் பேசியது.

அவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு இல்லை.

மண்டப வாசல் வந்துவிட்டது. படியில் ஆரத்தித் தட்டோடு அக்கா. அவர் எதற்கு நின்று நின்று வருகிறார் என்று வாசலில் இருந்தவர்களில் அவளுக்கு மட்டும் தெரியும். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

சீர்த்தட்டைச் சற்றே சாய்த்து விரலை அவளுக்குக் காட்டினார்.

தொண்ணூற்று நான்கு.

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. ஒதுங்கி வழிவிட்டாள்.

இனி நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

நின்றார்.