ஒரே வெடி

கரவெட்டித் தோட்டத்தில் வாழைக்குத்தியைப் பார்த்து வித்தியா சுட்டாள். குறி இரண்டு விரற்கடை இடப்பக்கம் விலகியது. துவக்கின் குறிக்கண்ணாடித் திருகாணியை மெல்லத் திருகி மறுபடி சுட்டாள். நடுவில் பட்டது.

"பிள்ளை, ஒரே வெடியிலை விழுத்திப்போடுங்கோ. என்ரை நாம்பன் மாடு நாலு நாளாய் வேதனையிலை ஓடித்திரியுது. கிட்டப் போகேலாது," என்று தம்பிராசா கெஞ்சினார்.

"ஓம் ஐயா. நீங்கள் அங்காலை திரும்பி நில்லுங்கோ."

பற்றைக்குள்ளிருந்து நாம்பன் வெளிப்பட்டதும் வித்தியா சுட்டாள். சற்று நேரத்தில் அது தள்ளாடிச் சரிந்தது. தம்பிராசா விம்மினார்.

மிருக வைத்தியரான வித்தியா ஓடிப்போய், தொடையில் குத்தியிருந்த மயக்க ஊசியைப் பிடுங்கினாள். கழுத்துச் சதையில் புதைந்திருந்த முள்ளுக்கம்பியை வெட்டியெடுத்து மருந்திட்டாள்.

"இனிப் பயமில்லை ஐயா. எழும்பிடும்."

"எழும்பேக்கை என்னைக் கண்டால்தான் வெருளாது," என்று தம்பிராசா அதன் தலைமாட்டில் உட்கார்ந்தார்.