எட்டெழுத்துப் பூட்டு

கிடங்குக் கதவில் மாட்டப்போகும் பூட்டுக்கு அவள் ஜாவா கணினிமொழியில் எழுதிய சோதனை ரொம்பச் சாதாரணம். எட்டெழுத்துக் குறியீடு, முதல் இரண்டும் ஆங்கில எழுத்து, மிச்சம் ஆறும் எண். தப்பாக அடித்தால், எங்கே தப்பு என்றும் பூட்டின் திரை சொல்லிவிடும்.

"இப்படிப் புட்டுப் புட்டு வச்சா எவன் வேணாலும் கத்துக்குவான்," என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"யாரும் திருதிருன்னு முழிக்க வேண்டாமேன்னுதான் அண்ணா."

பூட்டில் யார் எதை அடித்தாலும் அவள் கணினியில் பதிவாகும். திங்கட்கிழமை அந்தப் பதிவில் ஒரு வரி விழுந்தது: ஒன்பது எழுத்து, நிராகரிப்பு. செவ்வாய்க்கிழமை சரியாக எட்டு, ஆனால் எல்லாமே எண். புதன்கிழமை முதல் இரண்டும் எழுத்து, கடைசி இடம் மட்டும் காலி. அவளுக்கு ஆர்வம் தாங்கவில்லை.

"ஆளு நல்லாத்தான் தேறி வர்றாரு. யாரா இருக்கும்?"

"பூட்டை எப்பம்மா மாட்டினாங்க?" என்றார் அவர்.

அவள் மேசைக்கடியில் பார்த்தாள். வாரம் முழுக்க அவள் கால் வைத்திருந்த, பூட்டு வந்த அட்டைப்பெட்டி அங்கேயே இருந்தது. அதன் ஒட்டுநாடாவைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்குப் புது வரி வந்தது. எட்டு எழுத்து, ஒரு பிழையும் இல்லை. அவள் எழுதிய சோதனை அதற்கு 'சரி' சொல்லியிருந்தது.

அவள் காலடியில், பெட்டிக்குள், 'க்ளிக்' என்று தாழ் விலகியது.