பெட்டி கட்டும் படலம்

அம்மாவின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது என்ற ஒரே தகுதிக்காகத்தான் மகள் அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஒரு பட்டாளமே உடுத்தும் அளவுக்குத் துணிமணி கட்டிலில் மலையாகக் குவிந்து கிடந்தது.

“இந்தக் கிழிஞ்ச ஜீன்ஸ எடுத்துக்கட்டுமாம்மா?”

“தாராளமா எடுத்துக்கோடி. காத்தோட்டமா இருக்கும்.”

“ஹை ஹீல்ஸ்?”

“அதை முதல்ல வை. கேன்வாஸ் ஷூ மட்டும் வேண்டாம். நடந்தா சத்தமே கேக்காது.”

ஒரு ரிப்பன் வாங்கினாலே பஞ்சாயத்தைக் கூட்டுகிற அம்மாவா இது! பிள்ளையைப் பிரியும் துக்கம் மூளையைத் தாக்கிவிட்டது போலும். மகள் உள்ளுக்குள் குத்தாட்டமே போட்டாள்.

அம்மா பரணிலிருந்து இன்னொரு பெட்டியை இறக்கித் தன் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

“நீ எங்கம்மா கிளம்பிட்டே?”

“உங்க ஹாஸ்டலுக்குப் புது வார்டன் நான்தான்டி.”

மகள் தன் பெட்டியை அப்படியே கட்டிலில் கவிழ்த்தாள்.

“ஏம்மா, நம்ம தெருக்கோடியில இருக்கிற காலேஜுக்கு என்ன குறைச்சல்?”