துரை நாற்காலி

தியேட்டரை முதலில் நாடகக் கொட்டகையாகக் கட்டியபோது, வெள்ளைக்காரத் துரைக்கென்று செய்த தேக்கு நாற்காலியை முதல் வரிசையின் நடுவில் போட்டிருந்தார்கள். கொட்டகை சினிமா தியேட்டரானதும் முன்வரிசை தரை டிக்கெட்டாகிவிட்டது. நாற்காலியை நான்கு பேர் பால்கனிக்குத் தூக்கிப் போனார்கள். துரைகள் கப்பலேறிய பின் அது கலெக்டருக்கானது, பிறகு மந்திரிக்கு. யார் வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு காட்சிக்கும் மணி அடிக்குமுன் அதைத் துடைத்து வெள்ளைத் துண்டு விரித்தாக வேண்டும். முப்பத்தொரு வருடமாக அதைச் செய்தவள், தியேட்டரைக் கூட்டிப் பெருக்கும் மாடத்தி. அவள் காலத்தில் ஒருவரும் அதில் வந்து உட்கார்ந்ததில்லை. அவளும் தரையில்கூட உட்கார்ந்து ஒரு படம் பார்த்ததில்லை.

தியேட்டரை இடிக்கிற அன்று காலை, அவள் நாற்காலியைப் பால்கனியிலிருந்து ஒவ்வொரு படியாக இழுத்து இறக்கி, கூடத்தின் நடுவில் திரைச் சுவரைப் பார்த்துப் போட்டாள். துவைத்த துண்டை விரித்தாள். உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "ஏளா, எந்திரி! அது யாரு சேருன்னு தெரியும்லா?"

"தொடச்சவளுக்குத் தெரியாதா? அவுகதான் வரலைல்லா."

"சுவர இடிக்கப் போறாங்க!"

"அப்ப படம் போடப் போறாகன்னு சொல்லுங்க. மறைக்காம ஓரமா நில்லுங்க சார்."

வெளியே நின்ற இயந்திரம் சுவரைப் பற்றி இழுத்தது. புழுதி அடங்கியபோது எதிரே பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், கண்டக்டர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காலையாவது கீழ போடு, மாடத்தி" என்றார் மேனேஜர், மெல்ல.

அவள் கால் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.